கோன் செட்டை இறுக்குவதற்கு முன்

பைக்கில் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்று கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கோன் செட் லூஸ் ஆயிருக்கு, டைட் வெச்சிடலாம்." உளியையும் சுத்தியலையும் எடுத்து நாலு தட்டு தட்டுவார்கள், சத்தம் நின்றுவிடும், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. ஹேண்டில் திரும்புவதற்காக உள்ளே இருக்கும் பேரிங்தான் கோன் செட். அது லூஸ் ஆவது வேறு, தேய்ந்து பள்ளம் விழுவது வேறு. லூஸ் ஆனதை இறுக்கினால் சரியாகும். பள்ளம் விழுந்ததை இறுக்கினால் சத்தம் மட்டும் போகும், வண்டி முன்பைவிட மோசமாக ஓடும், ஓட்டுகிறவருக்கு அது எதனால் என்றே பிடிபடாது. என் வண்டியில் அப்படி நடந்த பிறகு இந்த வேலையை முழுசாகக் கற்றுக்கொண்டு நானே செய்து வருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களே செய்யப் போகிறீர்களோ இல்லையோ, கடையில் நின்று சரியான கேள்வி கேட்கவாவது உதவும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெட்ரோல் டேங்குக்கு முன்னால், சேஸிஸின் முன்முனையில் சாய்வாக ஒரு குட்டைக் குழாய் இருக்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு சேர்ந்த தண்டு, அதாவது ஸ்டெம், கீழிருந்து அந்தக் குழாய்க்குள் ஏறி மேலே நட்டில் முடியும். குழாயின் மேல் வாயில் ஒரு கிண்ணம், கீழ் வாயில் ஒரு கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை இரும்புக் குண்டு. பால்ஸ் என்று சொல்வோமே, அதுதான். அந்தக் குண்டுகளின் மறுபக்கம் கோன். இவையெல்லாம் சேர்ந்ததுதான் கோன் செட். இந்த இரண்டு வரிசைக் குண்டுகளை நம்பித்தான் முன்சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் எல்லாம் வண்டியோடு சேர்ந்திருக்கின்றன. பள்ளத்தில் இறங்கினால் வருகிற அடி நேராகக் கீழ் வரிசைக்குப் போகும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஸ்டெம்மை நெம்புகிற மாதிரி இரண்டு வரிசைக்கும் எதிரெதிர்த் திசையில் பாரம் ஏறும். அதனால்தான் லூஸாக இருந்தால் பிரேக் பிடிக்கும் நேரத்தில் அந்த 'டொக்' வருகிறது.

இனி முக்கியமான விஷயம். வீல் பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், குண்டுகள் இடம் மாறும், க்ரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். கோன் செட் அப்படி இல்லை. வண்டியை நிறுத்தித் திருப்பும்போதுதான் ஹேண்டில் இடது கோடி முதல் வலது கோடி வரை போகிறது, ஓடுகிற நேரத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் அசைகிறது. ஆக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடினாலும் ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்து அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்து க்ரீஸ் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியே போய்விடும், திரும்பி வராது. அப்புறம் இரும்போடு இரும்பு நுண்ணிய அளவில் உரசி, உரசின தூள் துருப்பிடித்து, அந்தத் தூளே உப்புத்தாள் மாதிரி வேலை செய்து பள்ளம் தோண்டும். கழற்றிப் பார்த்தால் செம்மண் நிறத்தில் ஒரு பொடி ஒட்டியிருக்குமே, அது இதுதான்.

ஓடாமலே தேய்வது என்பது பலருக்கு நம்பமுடியாமல் இருக்கும். 1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த கார்களின் வீல் பேரிங்குகளில் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள். தண்டவாளத்தின் அதிர்வில் ஒரே இடத்தில் குண்டுகள் துடித்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இந்த வகைத் தேய்மானத்தைப் போலி பிரினெல்லிங் என்கிறார்கள். நிஜமான பிரினெல்லிங்கும் உண்டு: பெரிய குழியில் வண்டி தடாலென்று விழும்போது குண்டு கிண்ணத்தை அமுக்கிப் பள்ளம் போடுவது. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹன் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை கொண்டுவந்தார், குண்டை வைத்து அழுத்தி விழுகிற பள்ளத்தை அளப்பது. அந்தப் பரிசோதனையைத்தான் நம் ஊர் ரோட்டுக் குழிகள் கோன் செட்டில் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. லூஸாக விட்டு ஓட்டினால் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் இடைவெளி இருந்தால் குண்டு அழுந்துவதோடு நிற்காது, தூக்கிப் போட்டு அடிக்கும்.

என் வண்டி ஸ்ப்ளெண்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் வாசலில் நின்றிருந்தது, ஹெட்லைட் மட்டம் வரை தண்ணீர். வடிந்த பிறகு எல்லோரையும் போல இன்ஜின் ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, வயரிங் காயவைத்து, பிரேக் ஷூ பார்த்து, வண்டியை ஓட வைத்தாயிற்று. அந்தச் சமயத்தில் ஊர் முழுக்கக் கடைகளில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன, யாரும் கோன் செட்டைத் திறக்கவில்லை, திறக்கச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் வெள்ளத்து நீர் சேறோடு அந்தக் குழாய்க்குள் போய் நின்றிருக்கும். கீழ்க் கிண்ணத்துக்குப் பெரும்பாலான சாதாரண வண்டிகளில் ஒரு மெல்லிய தூசித் தடுப்புதான் இருக்கும், தண்ணீரை நிறுத்துகிற சீல் கிடையாது. வெள்ளம் வரவேண்டும் என்றுகூட இல்லை. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் கீழிருந்து மேலாக ஹெட்லைட்டுக்கு அடியில் காட்டி அடித்தாலே க்ரீஸ் கரைந்துவிடும். சர்வீஸுக்கு விடும்போது அந்த இடத்தில் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்பார்கள்.

கொஞ்ச நாளில் பிரேக் சத்தம் வந்தது. ஒரு கடையில் இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது. ஆனால் வண்டி வேறு மாதிரி ஆகிவிட்டது. மேடவாக்கம் சிக்னலுக்கு வண்டிகளுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகும்போது, நேராகப் போக முடியவில்லை. இடது பக்கம் சாயும், திருத்தினால் வலது பக்கம் அதிகமாகப் போகும், மறுபடி திருத்த வேண்டும். புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் ஓட்டுகிற மாதிரி இருந்தது. வேகமாகப் போனால் நேர்கோட்டில் ஏதோ ஒரு பள்ளத்தில் வண்டி சிக்கி ஓடுகிற உணர்வு, லேன் மாற்ற ஹேண்டிலைக் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது.

இதன் காரணம் புரிந்தால் கோன் செட்டைப் பற்றி மற்றதெல்லாம் தானாகப் புரியும். இரண்டு சக்கர வண்டி நேராகப் போகிறது என்றால் ஹேண்டில் அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம் இல்லை. வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் முன்சக்கரம் தானே அந்தப் பக்கம் இம்மியளவு திரும்பி வண்டியை நிமிர்த்தும். இது விடாமல் நடந்துகொண்டே இருக்கிறது, நாம் கவனிப்பதே இல்லை. கோன் செட் அளவுக்கு மேல் இறுகினாலோ, குண்டுகள் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாலோ, அந்த இம்மியளவுத் திரும்பல் நடக்காது. கொஞ்சம் அதிகம் சாய்ந்த பிறகுதான் பள்ளத்தை விட்டு எழும்பும், எழும்பும்போது தேவைக்கு மேல் திரும்பிவிடும். ஓட்டுகிறவர் அதைக் கையால் ஈடுகட்டிக்கொண்டே இருப்பார், தோள் வலிக்கும், டயரையோ ரோட்டையோ குறை சொல்வார்.

எங்கள் தெருவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அண்ணன். அவரிடம் வண்டியைக் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போடச் சொல்லி, "பின்னாடி கொஞ்சம் அமுக்கிப் பிடிப்பா" என்றார். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டில் நுனியில் ஒற்றை விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாகத் தள்ளினார். நேர் வந்ததும் சக்கரம் ஒரு கணம் நின்றது, அதைத் தாண்டத் தனியாக ஒரு தள்ளு தேவைப்பட்டது. "பாரு, நடுவுல போய் உக்காருது. இது போன கோன் செட். டைட் வெச்சா இன்னும் நல்லா உக்காரும், அவ்ளோதான்" என்றார். அப்புறம் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அந்த உணர்வை ஒருமுறை பிடித்துக்கொண்டால் போதும், மறக்காது.

ஆகவே எதையும் இறுக்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முன்சக்கரம் தரையில் படக்கூடாது. ஹேண்டிலை மிக மெதுவாக, ஒரு விரலால், முழுக்க இடது கோடியிலிருந்து வலது கோடி வரை கொண்டுபோங்கள். வேகமாகத் திருப்பினால் பள்ளம் தெரியாது. நடுவில் நிற்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நின்றால் பேச்சே இல்லை, செட்டை மாற்ற வேண்டும். கோடி முதல் கோடி வரை ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால், அளவுக்கு மேல் டைட். வழவழப்பாகப் போகிறது ஆனால் பிரேக்கில் சத்தம் வருகிறது என்றால்தான் லூஸ், அதைத்தான் அட்ஜஸ்ட் செய்து சரிப்படுத்தலாம்.

லூஸ் என்று முடிவு செய்வதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஃபோர்க்கின் கீழ்முனைகளை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஆனால் அந்த ஆட்டம் கோன் செட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படிச் சொல்வது? ஃபோர்க் புஷ், அதாவது ஃபோர்க் குழாய்களுக்கு நடுவே இருக்கும் வளையம், தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் பிரேக் பேட் தன் இடத்தில் நகர்ந்துகூட 'டிக்' என்று சத்தம் வரும். அதனால் ஒருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு விரலைச் சேஸிஸ் குழாயும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் பிளேட்டும் சந்திக்கிற இடுக்கில் வையுங்கள். கோன் செட் லூஸ் என்றால் அந்த இடுக்கு திறந்து மூடுவது விரலில் நன்றாகத் தெரியும். அங்கே அசைவில்லாமல் ஃபோர்க் பைப்பும் அதன் கீழ்க்குழாயும் சேர்கிற இடத்தில் அசைவு இருந்தால் அது ஃபோர்க் புஷ். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறது என்றால் வீல் பேரிங். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கோன் செட்டை இறுக்கிக்கொண்டே போனால், ஆட்டமும் போகாது, ஹேண்டிலும் இறுகிவிடும்.

சரி, லூஸ்தான், பள்ளம் இல்லை. அட்ஜஸ்ட் செய்வது எப்படி?

வண்டியை உறுதியாக நிறுத்துவதில் சோம்பல் வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் கேரியரில் ஒரு மணல் மூட்டையோ அரிசி மூட்டையோ கட்டிவிட்டால் முன்சக்கரம் மேலே நிற்கும். இன்ஜினுக்கு அடியில் குழாய் போகிற சேஸிஸ் என்றால் பலகை வைத்து ஜாக் கொடுக்கலாம். டேங்க் மேல் கெட்டியான துணி விரித்து, ஹேண்டில்பார் கிளாம்பைக் கழற்றி, ஹேண்டிலை அந்தத் துணிமேல் சாய்த்து வைத்தால்தான் நடு நட்டுக்குச் சாக்கெட் நேராக இறங்கும். டிஸ்க் பிரேக் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் டப்பா தலைகீழாகச் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று ஏறி, பிறகு அந்தக் காற்றை வெளியேற்றுகிற (பிரேக் ப்ளீட்) வேலையும் சேர்ந்துகொள்ளும்.

நடுவில் பெரிய நட். அதற்கும், ஃபோர்க்கை மேலே பிடித்திருக்கும் பிளேட்டுக்கும் (மேல் பிளேட்) அடியில், சுற்றிலும் வெட்டு வெட்டாக ஒரு வளைய நட் இருக்கும். கோன் செட்டின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது இந்த வளைய நட்தான், மேலே இருக்கும் பெரிய நட் அதைப் பூட்டி வைப்பதற்கு. என் வண்டியில் அந்த வளைய நட்டைப் பார்த்தபோது வெட்டுகளின் ஓரமெல்லாம் மழுங்கி, ஒரு பக்கம் உலோகம் பிதுங்கி, உளி பட்ட காயம் வரிசையாக இருந்தது. உளி வைத்துத் தட்டுகிற வழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். வெட்டு கெடுவது ஒரு பக்கம், ஒவ்வொரு தட்டும் நட்டை எவ்வளவு திருப்பியது என்று கைக்குத் தெரியவே தெரியாது. இந்த வேலையில் அளவுகோல் கைதான், அந்தக் கைக்குச் செய்தி வராத கருவியை ஏன் எடுக்க வேண்டும்? இந்த வெட்டில் மாட்டித் திருப்புகிற, கொக்கி போல வளைந்த சி ஸ்பேனர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நட்டைத் தளர்த்துங்கள். அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும், பலர் விட்டுவிடுவார்கள். மேல் பிளேட், கீழ் பிளேட் இரண்டிலும் ஃபோர்க் பைப் இறுகியிருந்தால், மேல் பிளேட் ஒரு மயிரிழைகூடக் கீழே இறங்க முடியாது. நட்டை இறுக்கினால் இறுகினது போலத் தோன்றும், உள்ளே இடைவெளி அப்படியே இருக்கும். ஆகவே ஏதாவது ஒரு பிளேட்டின் பிடியைத் தளர்த்த வேண்டும். மேல் பிளேட்டில் பக்கவாட்டு போல்ட் வைத்துப் பைப்பைப் பிடிக்கிற வண்டியென்றால் அவற்றைத் தளர்த்துங்கள். ஃபோர்க்கின் வாய் போல்ட்டே மேல் பிளேட்டைப் பிடிக்கிற வண்டியென்றால் அதைத் தொட வேண்டாம், அதற்குக் கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். கீழ் பிளேட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் போதும். இரண்டு பிளேட்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தக் கூடாது.

இப்போது வளைய நட்டைச் சி ஸ்பேனரால் இறுக்குங்கள், கொஞ்சம் அழுத்தமாகவே. ஹேண்டிலைக் கோடி முதல் கோடி வரை நாலைந்து முறை திருப்புங்கள். குண்டுகளும் கிண்ணமும் ஒன்றோடொன்று படிய இது தேவை. பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, மறுபடி மெதுவாக, ஆட்டம் எந்த இடத்தில் மறைகிறதோ அந்த இடம் வரை மட்டும் கொண்டுவாருங்கள். ஆட்டம் மறைகிற இடமும் இறுக்கம் தொடங்குகிற இடமும் ரொம்பப் பக்கம் பக்கமாக இருக்கும், ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பினாலே எல்லாம் மாறிவிடும். பல சர்வீஸ் மேனுவல்களில் இறுக்கிவிட்டு எட்டில் ஒரு சுற்று பின்னால் வாங்கச் சொல்லியிருப்பார்கள், இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர். சரியாக வைத்தாயிற்று என்று மேல் பெரிய நட்டை முறுக்கினால், வைத்த அளவு மாறிவிடும். மரையில் எப்போதும் ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கும். மேல் நட்டை முறுக்கும்போது மேல் பிளேட் வளைய நட்டை அழுத்தி அந்த இடைவெளியை மூடுகிறது, வளைய நட் திரும்பாமலே கீழே இறங்குகிறது, கோன் செட் இறுகுகிறது. அதனால் வளைய நட்டைக் கொஞ்சம் லூஸாகவே விட்டு, மேல் நட்டை முழு டார்க்கில் (அதற்கு உரிய முறுக்கு விசையில்) முறுக்கி, அப்புறம் சோதித்துப் பார்க்க வேண்டும். அதிகம் இறுகியிருந்தால் மேல் நட்டைத் தளர்த்தி, வளைய நட்டை இன்னும் இம்மி பின்னால் வாங்கி, மறுபடி முறுக்கிச் சோதிக்க வேண்டும். முதல் தடவையே அமைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எனக்கு இன்றும் அமைவதில்லை, அது வேலையின் இயல்பு. ஹோண்டா வகைச் சின்ன வண்டிகள் பலவற்றில் இந்த மேல் நட்டின் டார்க் 60, 70 நியூட்டன் மீட்டர் பக்கத்தில் வரும். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணை அதன் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்த்திய ஃபோர்க் போல்ட்டுகளை மறக்காமல் திரும்ப முறுக்குங்கள்.

சோதனை இரண்டு. முதலாவது, கீழ் முனையைப் பிடித்து ஆட்டினால் இடுக்கில் வைத்த விரலுக்கு எதுவும் தெரியக் கூடாது. இரண்டாவது, முன்சக்கரம் மேலே இருக்கும்போது ஹேண்டிலை நேராக நிறுத்தி, ஒரு பக்கம் விரலால் லேசாகத் தட்டினால், தன் எடையிலேயே மெல்ல அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போக வேண்டும். நடுவழியில் நின்றால் டைட். 'தடார்' என்று போய் மோதினால் லூஸாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்று: கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங் கட்டு எல்லாம் ஹேண்டிலை ஒரு பக்கமாக இழுக்கும், பழைய வண்டியில் வயர்கள் விறைத்துப் போயிருந்தால் இன்னும் அதிகம். ஒரு பக்கம் மட்டும் போகவில்லை என்றால் முதலில் கேபிள் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளின் மேனுவலில் தராசுக் கொக்கியை ஃபோர்க் பைப்பில் மாட்டி, ஸ்டெம்முக்குச் செங்கோணத்தில் இழுத்து, ஹேண்டில் நகர ஆரம்பிக்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கும். மீன் கடையில் தூக்கி நிறுக்கிற சின்ன ஸ்பிரிங் தராசே போதும்.

என் வண்டிக்கு அட்ஜஸ்ட் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை, முழு செட்டையும் மாற்றினோம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். ஸ்டெம்மைக் கீழே இறக்குகிற நேரத்தில் குண்டுகள் உதிரும், அடியில் ஒரு தட்டோ பழைய வேட்டியோ விரித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்ததை மேல் வரிசை, கீழ் வரிசை என்று தனித்தனியாக எண்ணி வையுங்கள், சில வண்டிகளில் இரண்டுக்கும் எண்ணிக்கையும் சைஸும் வேறு. பழைய புல்லட்டில் மேலே 19, கீழே 19, எல்லாம் கால் இஞ்ச். எல்லா வண்டியும் அப்படி இருக்காது.

துடைத்துவிட்டுக் கீழ்க் கிண்ணத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடம், சுற்றிலும் ஒரே இடைவெளியில், வரிசையாக. கண்ணுக்குச் சின்னப் பொட்டு மாதிரிதான் தெரிந்தது. விரல் நகத்தை அந்தத் தடத்தின் மேல் நகர்த்தினால் ஒவ்வொன்றிலும் நகம் மாட்டி நின்றது. பின்பக்கத்தில் இருந்தவற்றைவிட முன்பக்கத்துத் தடங்கள் ஆழமாக இருந்தன. வெள்ளத்துச் சேறு காய்ந்து கிண்ணத்தின் அடியில் பொருக்காக ஒட்டியிருந்தது.

செட்டைச் சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். விலை சில நூறு ரூபாய்தான். இதில் மலிவு பார்க்க வேண்டாம், சரியாகக் கடினப்படுத்தாத கிண்ணத்தில் சீக்கிரமே பள்ளம் விழும், கழற்றி மாட்டுகிற உழைப்பு பொருளின் விலையைவிடப் பல மடங்கு. பழைய கிண்ணத்தையும் குண்டையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கிண்ணம், கோன், குண்டு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதுக் குண்டு போட்டால் மறுபடி அதே பள்ளத்தில்தான் உட்காரும்.

பழைய கிண்ணத்தை எடுக்க, குழாயின் எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமான இரும்புக் கம்பியை விட்டு, கிண்ணத்தின் உள் ஓரத்தில் மாறி மாறி, எதிரெதிர்ப் பக்கமாகத் தட்ட வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கோணலாகி மாட்டிக்கொள்ளும். புதுக் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கொஞ்சம் சுருங்கி எளிதாக இறங்கும். சுத்தியலால் நேராகக் கிண்ணத்தை அடிக்கக் கூடாது. பழைய கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து வைத்து அதைத் தட்டலாம், அல்லது நீளமான மரைக் கம்பியும் பெரிய வாஷர்களும் போட்டு முறுக்கி இழுக்கலாம், எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடித்திருக்கிறது, கிண்ணம் நேராக ஏறும். தட்டி ஏற்றினால், அடி வரை போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும், மந்தமாக இருந்தது கணீரென்று ஆகும். உட்காராத கிண்ணம் ஓட ஓட மெல்ல இறங்கும், அப்புறம் மறுபடி லூஸ். கீழ்க் கோன் ஸ்டெம்மின் அடியில் இறுகியிருக்கும், அதை எடுப்பது பொறுமையான வேலை. ஸ்டெம்மில் உளி படாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப வேண்டும். முடியாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் தாங்கும் நல்ல கெட்டி க்ரீஸைக் கிண்ணத்தில் தாராளமாக அப்பினால் குண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். முழு வரிசையும் வைத்த பிறகு சின்ன இடைவெளி மிச்சம் இருக்கும். இன்னொரு குண்டு போகும் போலத் தோன்றும். திணிக்க வேண்டாம், அந்த இடைவெளி இருந்தால்தான் குண்டுகள் உருளும். புது செட் கொஞ்சம் ஓடியதும் படிந்து லூஸ் ஆகும், சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் புது செட்டையும் பலர் கெடுக்கிறார்கள்.

குண்டுக்குப் பதில் ஒரு பக்கம் சிறுத்த உருளைகள் இருக்கும் டேப்பர் ரோலர் பேரிங் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 1898இல் அமெரிக்காவின் ஹென்றி டிம்கென் காப்புரிமை பெற்ற வடிவம் அது. குண்டு ஒரு புள்ளியில் பாரம் தாங்கும், ரோலர் ஒரு கோடு முழுக்கத் தாங்கும், ஆகவே பள்ளம் விழுவது குறையும். குழி நிறைந்த ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் வண்டிக்கென்றே அளவெடுத்த செட் கிடைக்க வேண்டும், உயரம் கொஞ்சம் மாறினாலும் மேலே மரை போதாது அல்லது தூசித் தடுப்பு உட்காராது. இறுக்குவதிலும் அது குண்டு வகையைவிடப் பொல்லாதது, தேவைக்கு மேல் டைட் வைத்தால் அதே தள்ளாட்டம் வரும். க்ரீஸ் இல்லாமல் விட்டால் அதிலும் பள்ளம் விழும். சரியாக அட்ஜஸ்ட் செய்த சாதாரண குண்டு செட்டே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வேகத்தைக் குறைக்கும்போது 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் படபடவென்று ஆடுகிறது என்றால் லூஸ் கோன் செட் ஒரு காரணம்தான். முன் டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம், காற்று குறைவாக இருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், பின்னால் கட்டிய பெட்டியின் பாரம் முன்சக்கரத்தை லேசாக்கியிருக்கலாம். இவற்றை விட்டுவிட்டு ஆட்டத்தை நிறுத்த கோன் செட்டை இறுக்கினால், அந்த ஆட்டம் அடங்கி, வேறு வேகத்தில் வேறு விதமான தள்ளாட்டம் கிளம்பும். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்து ஆடுகிறதா என்று ரோட்டில் சோதித்துப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டாண்டில் நிறுத்தி விரலால் பார்ப்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இந்தச் சோதனையை விடக் கூடாது. இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், டயரைத் தடவுவார்கள், ஹேண்டிலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, விற்கிறவரையே பின்னால் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒரு விரலால் நடுவைத் தாண்டித் தள்ளிப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்தால் வண்டி குழியில் நிறைய அடி வாங்கியிருக்கிறது அல்லது தண்ணீரில் நின்றிருக்கிறது. ஹேண்டில் உட்காருகிற அந்த இடம் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருந்தால், முன்பக்கம் எங்கேயோ இடித்து ஃபோர்க்கோ பிளேட்டோ திருகியிருக்க வாய்ப்பு உண்டு. முதலாவதென்றால் கோன் செட் விலையையும் கூலியையும் கழித்துப் பேசி வாங்கலாம். இரண்டாவதென்றால் சேஸிஸையும் ஃபோர்க்கையும் ஒருவர் அளந்து பார்த்துச் சொல்லும் வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.